பந்தின் இடுப்பளவு

செப்டம்பர் 29

மறுபடியும் அமெரிக்கக் கால்பந்தின் பந்துதான். கையால் வீசும் ஆட்டத்துக்குப் பேர்போன 1913 நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் பருவத்தைத் தேதிக்குத் தேதி தொடர்கிறேன். 1912 விதிப்படி நீளவாக்கில் சுற்றளவு 28 முதல் 28½ அங்குலம், இடுப்பில் 22½ முதல் 23, எடை 14 முதல் 15 அவுன்ஸ். முன்பு இடுப்பே 27 அங்குலத்துக்குப் பக்கம். விட்டமாக்கிப் பார்த்தால் 8.6 அங்குலம் 7.3 ஆகியிருக்கிறது. வித்தியாசம் ஒன்றேகால் அங்குலம்தான். ஆனால் பூசணிக்காயை உள்ளங்கையில் ஏந்தித் தள்ளுவதும், மட்டைத் தேங்காயை விரல்விட்டுப் பிடித்து வீசுவதும் ஒன்றா?

அக்டோபர் 4

நோட்டர் டேம் 87, ஓஹையோ நார்தர்ன் 0. இந்த ஆட்டத்தில் கற்க ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9

1905இல் இதே தேதியில்தான் அதிபர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அப்போதைய விதி மூன்று முயற்சியில் 5 கெஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்கு. அவ்வளவு சின்னத் தூரத்துக்கு வீசுவானேன்? பந்து வைத்திருப்பவனைச் சுற்றி ஆட்கள் கைகோத்துக்கொண்டு ஒரே மந்தையாக முட்டினால் போதும். அதில்தான் எலும்பும் உயிரும் போயின. 1906இல் 5 கெஜம் 10 ஆனது, முன்னோக்கி வீச அனுமதி வந்தது. கைகோத்து முட்டுவதற்குத் தடை 1910இல். நான்காவது முயற்சி, ஆறு புள்ளி டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது), 10 கெஜ எண்ட் ஸோன் (அந்தக் கோட்டுக்குப் பின்னுள்ள இடம்) எல்லாம் 1912இல். பந்து மெலிந்ததும் அதே ஆண்டு. 1913 நோட்டர் டேம் வீச்சைப் பேசுகிறவர்கள் 1912ஐ ஏன் தாண்டிப் போகிறார்களோ.

அக்டோபர் 13

அன்றைய பந்து: உள்ளே ரப்பர் பை, வெளியே நான்கு துண்டுத் தோல். பன்றித்தோல் என்று பேர்தான், மாட்டுத்தோல். புறம் மாற்றித் தைத்து, நாடா போடும் வாய் வழியாகத் திருப்பி எடுத்து, பையை நுழைத்து, காற்றடித்து, குழாய்க் கழுத்தை மடக்கிக் கட்டி, நாடாவுக்கு அடியில் செருக வேண்டியிருந்தது. சிக்கல் அங்கேதான். கழுத்தும் நாடாவும் ஒரே பக்கம் கனத்தன. சுழலாமல் போகிற பந்து அந்தக் கனத்தால் தள்ளாடும். சுழன்று போனால் கனம் சுற்றிக்கொண்டே இருப்பதால் பாதகம் குறைவு. நனைந்துவிட்டால் தோல் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், வழுக்கும், எடைக்கணக்கும் போச்சு.

அக்டோபர் 18

சவுத் டகோட்டா 20-7. எதிரணிக்கு முதல் புள்ளிகள்.

அக்டோபர் 25

ஆல்மா, 62-0. தாண்டிப் போகலாம்.

அக்டோபர் 30

நோட்டர் டேம் இருக்கும் சௌத் பெண்டிலிருந்து ரயில். ஆட்கள் 18, ஆணி வைத்த காலணி 14 ஜோடி என்பார்கள். எதிரணியான வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி ஒப்புக்கொண்ட தொகை 1,000 டாலர். ஹார்ப்பர் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் ஆண்டே இந்தப் பயணம்.

நவம்பர் 1

வெஸ்ட் பாயிண்ட். நோட்டர் டேம் 35-13.

நோட்டர் டேமின் கஸ் டொரே 17 முறை வீசினார், 243 கெஜம். கைக்குப் போய்ச் சேர்ந்தவை 13 என்றும் 14 என்றும் எழுதுகிறார்கள். அந்த ஒன்று எனக்கு முக்கியமில்லை. எப்படிப் பிடித்தார்கள் என்பதே விஷயம். அதுவரை வழக்கம் என்னவென்றால், ஓரத்து ஆள் குறித்த இடத்துக்கு ஓடி, நின்று, திரும்பி, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொள்வான். நின்றதுமே எதிராளி மேலே விழுந்துவிடுவான். கேப்டன் நூட் ராக்னியும் டொரேயும் அந்தக் கோடையில் ஓஹையோவின் சீடார் பாயிண்டில் ஏரி மணலில் பழகியது ஓட்டம் தளராமல் கையை நீட்டி விரலால் வாங்குவதை. மணலில் காலும் வலுக்கும். வீசுகிறவன் ஆள் நிற்கும் இடத்துக்கு அல்ல, போய்ச் சேரப்போகும் இடத்துக்கு விட வேண்டும். இதற்குப் பல நூறு தடவை சேர்ந்து ஓடியிருக்க வேண்டும்.

வீசுகிறவன் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு 5 கெஜம் பின்னால் நிற்க வேண்டும் என்பது அன்றைய விதி. பின்வாங்கினாலே எதிரணிக்குத் துப்புக் கிடைத்துவிடும். ஆகவே ஓட்டத்தையும் வீச்சையும் ஒரே நிற்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இடைவேளையில் 14-13. ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி வெறுமை. நான்காம் கால்பகுதியில் 21 புள்ளி. ஐந்து டச்டவுனில் ராக்னிக்கு ஒன்று, பிளிஸ்காவுக்கு இரண்டு, முரட்டு உடம்புக்காரர் ஐகன்லாப்புக்கு இரண்டு. ஐகன்லாப் எடுத்தவை நடுவில் முட்டி ஓடியவை. வீச்சுக்குப் பயந்து தடுப்பு அகன்றது, நடு திறந்துகொண்டது. வீச்சு ஜெயித்தது என்று எழுதுவதைவிட, வீச்சு ஓட்டத்துக்கு வழிவிட்டது என்பதே சரி.

நவம்பர் 2

டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்கு உதைக்கும் கூடுதல் உதையையும் ஐந்துக்கு ஐந்து டொரே போட்டதை எழுத மறந்துவிட்டேன். சின்ன விஷயமில்லை. அன்று டச்டவுன் எந்த இடத்தில் விழுந்ததோ அதற்கு நேர்கோட்டில்தான் உதைக்க வேண்டும். மூலையில் விழுந்தால் கோணம் கெட்டுப்போகும். மாற்றுவழியும் இருந்தது. கோல் கோட்டிலிருந்து சக ஆட்டக்காரனுக்கு உதைத்து அனுப்பலாம். அவன் பிடித்த இடத்திலிருந்து உதை. தவறவிட்டால் அந்தப் புள்ளியே போச்சு. 1920இல் இதை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 7

பென் ஸ்டேட், 14-7. ஆறே நாள் இடைவெளி. களைப்பு.

நவம்பர் 15

"நோட்டர் டேம்தான் பாஸை (முன்னோக்கிய வீச்சை) கண்டுபிடித்தது." இன்றும் இதே வரி! 1906 செப்டம்பர் 5, விஸ்கான்சினில் வாகெஷா. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் வீச, ஜாக் ஷ்னைடர் பிடித்தார். முதல் வீச்சு யார் கையிலும் படாமல் தரையில் விழ, பந்து எதிரணிக்குப் போனது. அதுதான் அப்போதைய விதி. அவர்களும் ஒரு ஏரிக்கரையில்தான், லேக் பியூலாவில், பழகினார்கள். பயிற்சியாளர் எடி காக்கம்ஸ். அந்தப் பருவம் 11 ஆட்டம், 407-11. அதுவும் பழைய தடித்த பந்தில்.

மெலிந்த பந்து இல்லாமலே முடிந்ததென்றால் என் ஒன்றேகால் அங்குலம் என்ன ஆவது?

நவம்பர் 16

தூக்கமில்லை. பதில்: முடியும், ஆனால் பெரிய கை வேண்டும். டொரே 5 அடி 7 அங்குலம்.

நவம்பர் 22

கிறிஸ்டியன் பிரதர்ஸ், 20-7. ஊர் செயின்ட் லூயிஸ்!

நவம்பர் 27

ஆஸ்டினில் டெக்சாஸ், 30-7. மூன்று ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே கோல் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்புவது), எல்லாம் டொரே. ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி, 268-41.

1934இல் இடுப்பு 21¼ முதல் 21½. முனை கூர்மையானதும் தரையில் தட்டி உதைக்கும் உதை செத்தது. பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. வீசுவதற்காகக் குறைத்த ஒவ்வொரு அங்குலமும் உதைக்கிறவனின் நஷ்டம்.

நவம்பர் 28

நாடாத் துளைகளை எண்ண வேண்டும்.