எலியின் திட்டுகளைச் சுண்டெலிக்கு வைத்தல்: டர்பன் ஆய்வகக் குறிப்பு

எலிக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளைப் பிரித்து, சர்க்கரை நோயுள்ள சுண்டெலிக்கு வைப்பதுதான் வேலை. எலி வாங்கும் முன்பே விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், தென்னாப்பிரிக்காவின் 1984 விலங்கு நோய்ச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அனுமதியும் கையில் இருக்கவேண்டும். கால்நடை மருத்துவர் அல்லாதவர் அறுவை செய்ய, கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரமும் தேவை.

வேலையின் வெற்றியெல்லாம் பித்தநாளத்தில்தான் இருக்கிறது. அது குடலில் சேரும் இடத்தில் கிளாம்ப் போட்டு, கல்லீரல் பக்கத்திலிருந்து ஊசி நுழைத்து, இணைப்புத்திசுவைக் கரைக்கும் நொதியான கொலாஜினேஸின் கரைசலைக் குளிரக் குளிர மெதுவாக ஏற்றுகிறோம். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம், ஓர் எலிக்கு 10 மில்லிலிட்டர். கிளாம்ப் நழுவினால் கரைசல் குடலுக்குப் போய்விடும், கணையம் உப்பாது. மண்ணீரலை ஒட்டிய வால்பகுதி உப்பியதா என்று கட்டாயம் பாருங்கள். திட்டுகள் அங்கேதான் அதிகம்.

பிறகு கணையத்தை வெட்டியெடுத்து, 37 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் செரிக்க விடுகிறோம். கொலாஜினேஸ் ஒவ்வொரு லாட்டுக்கும் வீரியம் மாறும், பழைய நேரத்தை நம்பினால் ஒரு நாள் உழைப்பு வீண். புது லாட்டில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து டைதைசோன் சாயம் விடுங்கள். திட்டு சிவக்கும். சுற்றிலும் நிறமில்லாத திசு ஒட்டியிருந்தால் நேரம் போதவில்லை. ஓரம் பிய்ந்திருந்தால் மிஞ்சிவிட்டது. சீரம் கலந்த ஐஸ் குளிர் கரைசலை ஊற்றினால் செரிமானம் நிற்கும். திட்டுகளை மற்றத் திசுவிலிருந்து பிரிக்க, அடர்த்தி 1.077 கரைசலில் சுழற்றும்போது சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுக்குகள் கலங்கும். இரவு முழுதும் இன்குபேட்டர். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தாலும் ஓட, அதைப் பேட்டரியில் இணைத்து வையுங்கள்.

சுண்டெலிக்கு நோய் வரவழைக்க, இன்சுலின் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்து. pH 4.5 சிட்ரேட் கரைசலில் கலந்தவுடன் ஊசி போடவேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அடுத்தடுத்து இருமுறை ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டினால்தான் அந்தச் சுண்டெலியை எடுக்கிறோம். சுமார் 500 திட்டுகளை மெல்லிய குழாயால் இடது சிறுநீரக உறைக்கு அடியில் விடுகிறோம். உறை காய்ந்தால் கிழியும். உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருங்கள்.

சர்க்கரை இறங்கியதும் வென்றதாக எண்ணாதீர்கள். அந்தச் சிறுநீரகத்தை எடுத்தபின் சர்க்கரை திரும்ப ஏறவேண்டும். ஏறாவிட்டால் சுரப்பது சுண்டெலியின் சொந்தக் கணையம்.

“இந்தச் சிகிச்சை நமக்கு எப்போது வரும்?” என்று வீட்டில் கேட்பார்கள். நம் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். இந்த வழி முதன்மையாக முதல் வகைக்கு. அதற்கும் நிராகரிப்புதான் பெரிய தடை. தடுப்பாற்றல் குறையாத சுண்டெலி, வேற்றினத் திட்டை மருந்தில்லாமல் விட்டுவைப்பதில்லை. ஆய்வாளர்கள் லிம், சன் இருவரும் 1980-இல் காட்டிய ஆல்ஜினேட் (கடற்பாசிப் பொருள்) உறையில் திட்டை மூடி, தடுப்பாற்றலிடமிருந்து மறைப்பது ஒரு வழி. அது சிறுநீரக உறைக்குள் அடங்காது, வயிற்றறையில் விடவேண்டும். எடுத்துப் பார்க்கையில் ஆல்ஜினேட் உறைமேல் நார்த்திசு படர்ந்திருந்தால், உள்ளே ஆக்சிஜன் போகாமல் திட்டுகள் செத்திருக்கும்.