நேராக இரண்டாம் ஆண்டு: மதுரையில் பாலிடெக்னிக் சேரும் ஐடிஐ, பிளஸ் டூ மாணவர்களுக்கு

பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்ந்தால் டிப்ளமோ மூன்று ஆண்டு. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர்களும் தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களும் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்களும் நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். இது தெரியாமல் முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்தை இழக்கிற பிள்ளைகளை மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் பார்க்கிறோம். அது வேண்டாம்.

விண்ணப்பம் இணையத்தில்தான். முதலாம் ஆண்டுக்கும் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் தனித்தனிப் படிவம். எதைத் திறக்கிறோம் என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். பதிவுக் கட்டணம் 150 ரூபாய், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு இல்லை.

ஐடிஐக்காரர்கள் தங்கள் டிரேடை, அதாவது படித்த தொழிற்பிரிவை, முதலில் சரிபார்க்க வேண்டும். வெல்டர் ஓராண்டுப் படிப்பு, அது மட்டும் போதாது. ஃபிட்டர், டர்னர் படித்தவர் மெக்கானிக்கலுக்கும், எலெக்ட்ரீஷியன் படித்தவர் டிரிபிள்-ஈ என்ற மின், மின்னணுப் பிரிவுக்கும் போவதுதான் இயல்பு. அகில இந்தியத் தொழில் தேர்வு முடிவு வர ஜூலை தாண்டிவிடுவதுண்டு. அதனால் கோ.புதூர் அரசு ஐடிஐயில் இறுதியாண்டு படிப்பவர்கள், சான்றிதழ் கைக்கு வரும் முன் சேர்க்கை முடியுமா என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிக்கல் டிசியில், அதாவது மாற்றுச் சான்றிதழில். இடம் கிடைக்குமோ என்ற பயத்தில் கலைக் கல்லூரியில் டிசியைக் கொடுத்துவிடுகிறார்கள். கலந்தாய்வில் அசல் கேட்பார்கள். அப்போது அதைத் திரும்பக் கேட்டு அந்தக் கல்லூரியில் போய் நிற்க வேண்டும். சாதி, வருமானச் சான்றுகளை இ-சேவையில் ஏப்ரலிலேயே போடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மனு நகர நாளாகும்.

சேர்ந்தபின் வருவதுதான் உண்மையான பாடு. முதலாம் ஆண்டுக் கணிதம் உங்களுக்கு இருக்காது, ஆனால் மூன்றாம் செமஸ்டர் பாடங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. ஏசி சர்க்யூட்டில் மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) ஆர் பிளஸ் ஜே எக்ஸ் என்று எழுதும்போது கலப்பெண் தெரியாவிட்டால் கணக்கை நகர்த்தவே முடியாது. மெக்கானிக்கலில் வளைவுத் திருப்புத்திறன், நிலைமத் திருப்புத்திறன் வரும்போது தொகையிடல் வேண்டும். ஐடிஐக்காரர்களுக்குக் கையில் வேலை இருக்கும், மெஷின் டிராயிங்கும் ஓரளவு வரும்; கணிதத்தில்தான் அரியர் விழும். பிளஸ் டூ மாணவர்களுக்கு நேர்மாறு: கணிதம் வரும், டிராயிங்கில் முதல் கோண வீழல் (ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்ஷன்) முறையில் பக்கத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரைவது என்றே திணறுவார்கள். வகுப்பு தொடங்கும் முன் கிடைக்கிற வாரங்களில் முதலாம் ஆண்டு முடித்தவர்களிடம் நோட்டு வாங்கி, அணிக்கோவை, கலப்பெண், முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் என்ற வரிசையில் போட்டுப் பாருங்கள்.

இப்படி இரண்டாண்டில் முடித்தவர்களும் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கலந்தாய்வை நடத்துவது காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி.