750-இல் ஒரு மேடு

2015 டிசம்பர் 15. ஹாஸ்டல் அறையில் ஏழு பேர், ஒரே லேப்டாப். நம்மூர் நேரம் இரவு ஏழரைக்கு ஜெனீவா பக்கத்துத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் அரங்கில், புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் அந்த ஆண்டின் தரவை வெளியிட்டன. நான் அப்போது பிஎச்டி இரண்டாம் ஆண்டு.

அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு போட்டான்கள் (ஒளித்துகள்கள்) சேர்ந்து வெளிவந்த மோதல்களை நிறைவாரியாக எண்ணிப் போட்ட வரைபடம். புதுத் துகள் எதுவும் இல்லையென்றால் வரவேண்டிய எண்ணிக்கையைக் காட்டும் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது, அதை ஒட்டியே அளந்த எண்ணிக்கையைக் காட்டும் கறுப்புப் புள்ளிகள். 750 ஜிஇவி (துகள் நிறையின் அலகு) பக்கம் மட்டும் ஓரிரு புள்ளிகள் எம்பி நின்றன. சிஎம்எஸ் படத்திலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் சின்ன மேடு. 2012-இல் கண்டுபிடித்த ஹிக்ஸ் துகளைவிட ஆறு மடங்கு கனமான, யாரும் எதிர்பார்க்காத துகளா? அறையில் விசில் பறந்தது.

அட்லஸின் மேடு 3.6 சிக்மா, அதாவது தற்செயலான வழக்கமான ஏற்ற இறக்கத்தைப்போல் 3.6 மடங்கு. தற்செயலாக வர ஏறக்குறைய 6,000-இல் ஒரு வாய்ப்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் ஆச்சரியம்தான். ஆனால் தோப்பு முழுக்கப் பனையும் காக்கையுமாக இருந்தால் எங்காவது விழத்தானே செய்யும்? மேடு எந்த நிறையில் வந்திருந்தாலும் துள்ளியிருப்போம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது வெறும் 2 சிக்மா. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். மேடையில் பேசியவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆடியதெல்லாம் எங்களைப் போன்ற கோட்பாட்டுக்காரர்கள்தான்.

மறுநாளே, ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும் இணையதளமான ஆர்க்கைவில் பேப்பர்கள் குவிய ஆரம்பித்தன. எட்டு மாதத்தில் 500-க்கு மேல். அதில் ஒன்று எங்களுடையது. பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் எழுதியது. எங்கள் யோசனை இதுதான்: புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்கள் சேர்ந்து புதுத் துகளை உண்டாக்கும், அது கனமான புதுக் குவார்க்குகள் வழியாக இரண்டு போட்டானாகச் சிதையும். மேட்டின் உயரத்துக்குக் கணக்கு எட்டவில்லை. குவார்க் எண்ணிக்கையைக் கூட்டினோம். அப்போதும் எட்டவில்லை, மின்னூட்டத்தைக் கூட்டினோம். எட்டியது! ஒரு துகளை விளக்க ஐந்து துகளைக் கற்பனை செய்தோம் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

2016 ஆகஸ்ட் 5, சிகாகோ மாநாடு. ஏறக்குறைய நான்கு மடங்கு புதுத் தரவு. கோடு சறுக்கிக்கொண்டே போனது, புள்ளிகளும் சமர்த்தாக அதன் கூடவே போயின.

கைடு அறைக்குப் போனேன். டீயை ஆற்றிக்கொண்டே, "நிறைங்கறது நம்ம புரோகிராம்ல ஒரு எண்தானேப்பா, 1,500 போட்டு ஓட்டிப் பாரேன்" என்றார்.

ஓட்டினேன். ஓடியது.