எலும்பில் புற்று பரவல் இல்லை என்றார்கள். எலும்பின் அடர்த்தியை யார் பார்த்தது?

புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பியை எடுத்த பிறகு சில வருடம் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) அடங்கியே இருந்தது. அப்புறம் மெல்ல ஏறி 0.2-ஐத் தாண்டியது. மறுபடி பார்த்தபோதும் இறங்கவில்லை. அறுவைக்குப் பின் இப்படி இரண்டு முறை வந்தால் நோய் திரும்பியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கதிர்வீச்சும், மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசியும் என்று முடிவானது.

எலும்பு ஸ்கேனில் பரவல் எதுவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மகள் மட்டும் விடவில்லை. "இந்த ஊசி எலும்பைத் தேய்க்குமாமேப்பா, அதுக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?"

எடுக்கவில்லை. எலும்பு ஸ்கேன் பார்ப்பது புற்று எலும்புக்குப் போயிருக்கிறதா என்பதை. எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்ற தனிப் பரிசோதனை. ஹார்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிறது. ஆண்களின் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன்கூட அதிலிருந்துதான் உண்டாகிறது. ஒன்று விழுந்தால் இரண்டும் விழும். எலும்பு மெலியாமல் என்ன செய்யும்?

கேட்டதும் டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். அசையாமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன், அவ்வளவுதான். அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 0.8, இடுப்பில் மைனஸ் 2.1. மைனஸ் 2.5-க்கு வந்துவிட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய். வயதானவர்களுக்கு முதுகெலும்பில் தேய்மானத்தால் முள்போல எலும்பு வளர்ந்து, கணக்கை நல்லதாகக் காட்டிவிடுமாம். "இடுப்பைத்தான் நம்பணும் சார்" என்றார் டாக்டர். உங்கள் ரிப்போர்ட்டிலும் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எலும்பு மேலும் மெலியாமலிருக்க மருந்து தருவது என்று முடிவானது. வைட்டமின் டி குறைவாக இருந்ததால் முதலில் அதைச் சரிசெய்தார்கள். அடுத்து பல் டாக்டர். எலும்பு மருந்து ஏறிய பிறகு பல்லைப் பிடுங்கினால், அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பதால், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி, அல்லது வருடம் ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலம் டிரிப், இரண்டில் ஒன்று என்றார்கள். டெனோசுமாபை மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினாலோ தள்ளிப்போட்டாலோ எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பு முறியவும் வாய்ப்புண்டு. நான் டிரிப்பையே கேட்டேன். கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் தாங்கும் என்று உறுதி செய்த பிறகே ஏற்றினார்கள். அன்று இரவு காய்ச்சலும் உடம்பு வலியும் படுத்தி எடுத்தன. பாராசிட்டமாலில் அடங்கியது.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும் என்பதால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் சின்ன டம்பெல்லையும் விடாமல் செய்கிறேன். குளியலறையில் கைப்பிடி வைத்தாயிற்று.

எனக்கு டெக்ஸாவுக்கு ஆன செலவு ஒரு ஹார்மோன் ஊசியின் விலையைவிடக் குறைவு. முதல் ஊசிக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். ஊசி தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தாலும் கேளுங்கள். மறுபடி எடுத்த டெக்ஸாவில் என் இடுப்பு எலும்பு மேலும் இறங்கவில்லை. அடுத்த டிரிப் வேண்டுமா என்று இனிதான் முடிவு செய்வார்கள்.