ஓட்டுநர் இருக்கையின் ஓரம்

ஒன்பது ஆண்டுகளாக ஒரே காரை ஓட்டி வருகிறேன். அதன் உட்புறத்தில் தேய்மானம் முதலில் தெரிந்த இடம் ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம். ஏறும்போதும் இறங்கும்போதும் உடலின் எடை அந்த விளிம்பை உரசிக்கொண்டே நகர்கிறது. நாளொன்றுக்கு நான்கு முறை ஏறி இறங்கினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 உரசல்கள். இதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான், வழுக்கி இறங்கும் பழக்கத்தை விட்டு, கால்களை வெளியே வைத்து உடலைத் தூக்கி எழத் தொடங்கினேன். சீட் கவர் போட்டாலும் இந்தப் பழக்கம் வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கைக்குள்ளேயே பொருத்தப்பட்ட கார்களில், அது விரிவதற்கு வழிவிடும்படி தைக்கப்பட்ட கவரையன்றி வேறெதையும் போடவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

உரசலைவிடக் கொடியது, உரசலுக்கு இடையே அகப்படும் மணல். மணலில் பெரும்பகுதியாக உள்ள குவார்ட்சு, காருக்குள் இருக்கும் எந்தப் பிளாஸ்டிக்கையும் தோலையும்விடக் கடினமானது. தூசி படிந்த டாஷ்போர்டை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். பளபளப்பான கருநிறப் பரப்புகளிலும் தொடுதிரையிலும் காணப்படும் மெல்லிய கீறல்களில் பல இப்படித் துடைத்ததால் வந்தவையே. ஆகவே முதலில் மென்தூரிகையாலும் வாக்கம் கிளீனராலும் தூசியை அகற்றிவிட்டு, பிறகே சற்று ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைக்கிறேன்.

வெயிலைப் பொறுத்தவரை, முன்கண்ணாடியின் இரு அடுக்குகளுக்கு இடையே உள்ள படலம் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆனால் வெப்பத்தை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சூடேறிய பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள்தாம் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலான படலமாகப் படிகின்றன. வெயிலில் நிறுத்தும்போதெல்லாம் ஒளியைத் திருப்பி அனுப்பும் மறைப்பை விரித்து வைப்பது எளிய காப்பு. பளபளப்பூட்டும் எண்ணெய்ப் பசையுள்ள தெளிப்பான்களை நான் வாங்குவதில்லை. அவை தூசியை ஈர்ப்பதோடு, முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையையும் கூசச் செய்கின்றன.

தோல் இருக்கை என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் கை படுவது தோலின் மேல் பூசப்பட்ட வண்ணப் பூச்சுதான். வியர்வையும் உடலின் எண்ணெய்ப் பசையும் அதை நாளடைவில் தளர்த்துவதால், மென்மையான சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவ்வப்போது துடைப்பதே முதன்மையான பராமரிப்பு. ஸ்டீயரிங்கிற்கும் இது பொருந்தும். ஆல்கஹால் கலந்த சானிடைசரைத் தடவிய கை நன்கு உலர்ந்த பிறகே ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும்.

தரைவிரிப்பில் குதிகால் ஊன்றும் இடம் விரைவில் நைந்துவிடும். அங்கே ரப்பர் மேட் அவசியம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட்களைப் போடுவதும், கொக்கியில் மாட்டாமல் விடுவதும் ஆபத்து, ஏனெனில் நழுவி வரும் மேட் மிதிகளுக்குக் கீழே சிக்கிக்கொள்ளக்கூடும். மழைக்காலத்தில் மேட்டைத் தூக்கி, அடியில் உள்ள விரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறேன். ஈரம் தட்டினால், அன்றே நிழலில் கதவுகளைத் திறந்து வைத்து உலர்த்திவிடுகிறேன்.