கத்தரி வயலுக்குக் கொடுத்த தக்காளிப் புழு லூர்

கத்தரியில் மருந்தடிப்பதைக் குறைக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்கினால், அந்த வாசனையைத் தரும் லூர் வருகிற உறையின் மேல் எந்தப் பூச்சியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று கடையிலோ அலுவலகத்திலோ நின்றே படித்துவிடுங்கள். அரைப் பருவக் காய் போன ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவே செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம். இந்தப் பக்கம் கத்தரி என்றால் வாரம் தவறாமல் மருந்துதான். ஆனால் தண்டு, காய்த்துளைப்பான் புழு முட்டையை விட்டு வெளிவந்த சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே போன புழுவை மேலே அடிக்கும் மருந்து என்ன செய்யும்? கடைக்காரரோ ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் கடுமையான ஒன்றை எடுத்து நீட்டுவார். கடைசியாக அவர் நீட்டியது மோனோகுரோட்டோபாஸ். காய்கறிப் பயிர்களுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. இரண்டு நாளில் பறித்து யார் வீட்டு உலைக்கோ போகப்போகிற காய் அது. அன்றோடு அந்தக் கடை வாசலை மிதிப்பதை விட்டேன்.

மானியத்தில் பொறி தருகிறார்கள் என்று விண்ணப்பித்தேன். உழவன் செயலிப் பதிவு, ஆதார், வங்கிப் புத்தக நகல் எதிலும் சிக்கல் இல்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில்தான் மாட்டிக்கொண்டது. கத்தரி காய்த்து நிற்கும் நிலம் அதில் ‘தரிசு’ என்று இருந்தது. பட்டாவோ கூட்டுப் பட்டா; பங்காளிகளில் ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில். செட்டிநாட்டுப் பக்கம் இது ஊருக்கு ஊர் உள்ள கதை என்று தெரிந்திருந்தும், “எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார் எழுத்தர். வி.ஏ.ஓ. நல்ல மனிதர். வயலுக்கே வந்து பார்த்துப் பதிவைத் திருத்திக் கொடுத்தார். சம்மதக் கடிதங்கள் வந்து சேர்வதற்குள் பூவெடுத்துவிட்டது.

ஒருவழியாகப் பொறிகள் வந்தன. ஏக்கருக்கு 5 என்ற கணக்கில், செடியின் உச்சிக்குச் சற்று மேலே இருக்கும்படி கட்டினேன். காலையில் போய்ப் பூச்சி விழும் பையை அவிழ்த்தால் ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. குருத்துகள் மட்டும் வாடித் தலைதொங்கிக்கொண்டே போயின. அலுவலகத்தில் கேட்டால், “பழைய மருந்து வாடை இருக்கும், போகப் போக விழும்” என்றார்கள். மனம் ஒப்பாமல் லூர் உறையை எடுத்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்த உடனே சொன்னார்: “இது ஹெலிகோவெர்ப்பா லூர் ஐயா. தக்காளி, பருத்திக் காய்ப்புழுவுக்கானது. கத்தரிக்கு அதன் துளைப்பானான லூசினோடஸின் லூர் வேண்டும்.” ஆண் அந்துப்பூச்சி தன் இனத்துப் பெண்ணின் வாசனைக்குத்தான் வரும். வேறு லூரைப் பருவம் முழுக்கத் தொங்கவிட்டாலும் பயனில்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “இருப்பில் இருந்ததைத்தானே கொடுக்க முடியும்?” ஒரு விவசாயியின் வெள்ளாமை அவர்களுக்கு அவ்வளவுதான்.

சொந்தப் பணத்தில் சரியான லூர் வாங்கி மாட்டினேன். அடுத்த நாள் காலை பையின் அடியில் அந்துப்பூச்சிகள் கிடந்தன. விரல் நகத்தளவு, வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள். அத்தனை நாளும் என் வயலில்தான் பறந்துகொண்டிருந்திருக்கின்றன.

பொறி மட்டும் போதாது, அதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே. வாடிய குருத்தைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளி, வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள். துளை விழுந்த காயையும் அப்படியே. போன பருவத்துக் கத்தரிக் கட்டையை வயலோரம் குவித்து வைத்திருந்தால், அதிலிருந்தே அந்துப்பூச்சி கிளம்பி வரும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. இரவு ஊறவைத்து, வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, காதி சோப்புக் கரைத்து மாலையில் அடிக்க வேண்டும். பருப்பு அந்த வருடத்துக் கொட்டையாக இருக்கட்டும். நாள்பட்ட பருப்பில் வீரியம் இருக்காது. மருந்தை முழுதாக நிறுத்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தாக்குதல் கையை மீறியபோது கத்தரிக்குப் பரிந்துரை உள்ள மருந்தாகப் பார்த்து அடித்து, லேபிளில் சொன்ன காத்திருப்பு நாள் முடிந்த பிறகே பறித்தேன். வாரா வாரம் அடிப்பது நின்றது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுகளை மறுபடி இலைகளில் பார்க்கிறேன்.

கமிஷன் கடையில் எதற்கும் ஒரே விலைதான். கூடையைக் கிளறி, ஓட்டைக் காய் ஒன்று கண்ணில் பட்டால் மொத்தத்துக்கும் விலையை இறக்குவார்கள். அடங்கலில் கத்தரி ஏறியிருந்ததால் உழவர் சந்தை அடையாள அட்டை தடையில்லாமல் கிடைத்தது. அங்கே நானே தரம் பிரித்து விற்கிறேன். தவறான லூர் கொடுத்தது பற்றி மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் உறையையும் இணைத்து மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களும் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.