ஐந்து பாகம் கயிறும் ஒரு பௌர்ணமியும்

கடலின் ஆழம் அளக்கும் கயிற்றை அடையாளமிட்டு முடித்ததும் ஒரு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் எடுத்து அளந்தால், 30 அடியில், அதாவது ஐந்து பாகத்தில் (ஒரு பாகம் ஆறு அடி), கட்டிய வெள்ளைத் துணி 28 அடி 10 அங்குலத்தில் நிற்கிறது. பருத்திக் கயிறு சுருங்கும் என்று தெரியும். இவ்வளவு சுருங்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

இந்தச் சுருக்கம் எந்தப் பக்கம் பிழை செய்கிறது என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கயிறு குட்டையானால் அடையாளங்கள் நெருங்கிவிடும். உண்மையில் 28 அடி 10 அங்குலமே ஆழமுள்ள இடத்தில் ‘ஐந்து பாகம்’ என்று கூவுவோம். இல்லாத தண்ணீர் இருப்பதாக வரைபடத்தில் பதிவாகிவிடும். 20 அடிக்கு மேல் நீரில் அமிழும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அந்த எண்ணை நம்பித்தான் வந்தாக வேண்டும். ஜேம்ஸ் ஹார்ஸ்பரோ 1786-இல் இந்தியப் பெருங்கடலின் டீகோ கார்சியாத் தீவில் கப்பல் உடைந்து கரையேறியது தவறான வரைபடத்தால்தான். அதே மனிதர் 1810-இல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியானார்.

நான் செய்து பார்க்க நினைத்தது அவருக்கு அளவைகளை அனுப்பிக்கொண்டிருந்தவரின் வேலையை. கம்பெனியின் கடற்படையான பம்பாய் மரைனைச் சேர்ந்த டேனியல் ராஸ் 1806 முதல் சீனக் கடற்கரையை அளந்தவர். 1819 ஜனவரியில் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது ராஸின் டிஸ்கவரி உடன் வந்த அளவைக் கப்பல். நான் வசிப்பது இந்த ஊரில்தான். அவர் காலத்தில் கடலாக இருந்த பல இடங்களில் இன்று பஸ் ஓடுகிறது. நம்மவர்கள் 1828-இல் கட்டத் தொடங்கிய நாகூர் தர்கா நிற்கும் தெலுக் ஆயர் தெரு அன்று கடலோரம். அந்தத் தெருவை இப்போது கடக்கும்போதெல்லாம் இங்கே எத்தனை பாகம் இருந்திருக்கும் என்று கால் தயங்குகிறது.

கயிற்றுக்குத் திரும்புகிறேன். இரண்டு பாகத்தில் இரண்டு தோல் வார், மூன்றில் மூன்று வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புக் கம்பளித் துணி. பழைய கப்பல்களின் முறை இது. தோலை ஒரு பழைய செருப்பிலிருந்து அறுத்தேன். வெள்ளைத் துணி அப்பாவின் கிழிந்த வேட்டி. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விரலில் ஓடவிட்டுப் பார்த்தபோது இந்த ஏற்பாட்டின் அருமை புரிந்தது. தோல், பருத்தி, கம்பளி மூன்றும் விரலுக்கு வேறு வேறு. இருட்டிலும் ஆழம் சொல்லலாம். நனைத்து, நுனியில் ஈயக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, ஈரமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். இடையில் அடிக்கு ஒரு நூல் முடிச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விட்டது.

ஈயத்துக்குச் சுழியோடிகள் இடுப்பில் கட்டும் 3 கிலோ கட்டி. அடியில் ஒரு குழி குடைந்தேன். அந்தக் குழியில் மாலுமிகள் கொழுப்பை அப்புவார்கள், கடலடி மண் அதில் ஒட்டி வரும். நான் முதலில் வனஸ்பதி வைத்தேன். இந்த வெயிலில் உருகி வழிந்துவிட்டது. சலவை சோப்பை ஈரமாக்கிப் பிசைந்து அப்பியதும் கச்சிதமாக ஒட்டியது.

முதலில் கல்லாங் நீர்ப்பரப்பு. வாடகைக் கயாக்கில் உட்கார்ந்து, கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்டை (என்னுடையது பிளாஸ்டிக்) கிடையாகப் பிடித்து, கரையில் மூன்று அடையாளங்களுக்கு இடையே இரண்டு கோணம் எடுக்க வேண்டும். அந்தக் கோணங்களை டிரேசிங் தாளில் கோடாக வரைந்து, வரைபடத்தின் மேல் நகர்த்தி மூன்று புள்ளிகளிலும் பொருத்தினால் நாம் இருந்த இடம் கிடைக்கும். எனக்குக் கிடைக்கவில்லை. தாள் எங்கே வழுக்கினாலும் மூன்று கோடும் பொருந்திக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கோணத்தில் பிழை தேடினேன். பிழை கோணத்தில் இல்லை. மூன்று அடையாளங்களும் நானும் ஒரே வட்டத்தின் மேல் இருந்தோம். அந்த வட்டத்தில் எங்கே நின்றாலும் கோணங்கள் அவையேதான். அடுத்த வாரம் மூன்றில் நடு அடையாளம் எனக்கு மிக அருகில் இருக்கும்படி தேர்ந்தெடுத்தேன். தாள் ஒரே இடத்தில் நின்றது. முதல் கோணம் எடுத்து இரண்டாவதற்குப் போவதற்குள் கயாக் நகர்ந்துவிடுவது இன்னும் தீராத தொல்லை. அந்தக் காலத்து அளவையாளர்கள் இரண்டு பேராக ஒரே நொடியில் எடுத்தது இதனால்தான்.

கல்லாங்கில் 2008-இல் அணை வந்தபின் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, கிடையாது. அதற்காக, பௌர்ணமிக்கு மறுநாள் பெடோக் தூண்டில் பாலத்துக்குப் போனேன். அக்கா மகள் நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். காலை 11 மணி முதல் மாலை ஐந்தரை வரை அரை மணிக்கு ஒரு தடவை, ஒரே கம்பத்தின் அருகில், ஈயத்தை இறக்கினேன். நீரோட்டம் கயிற்றைச் சாய்க்கும். அது செங்குத்தாக நிற்கும் நொடிக்குக் காத்திருந்துதான் படிக்க வேண்டும். 11 மணிக்கு 26 அடி. ஒரு மணிக்கு 24. அதன்பின் வேகமாக இறங்கி, ஐந்து மணிக்கு 18½.

“மாமா, இது சிப்பியா?” என்று சோப்பைக் கிள்ளிக் காட்டினாள். சாம்பல் சேற்றில் நகக்கீற்று அளவில் வெள்ளைச் சில்லு இரண்டு. ‘சேறு, சிப்பி’ என்று அவளே எழுதினாள்.

ஒரே இடம், ஆறு மணி நேரம், ஏழரை அடி வித்தியாசம். காலையில் ஒரு தடவை மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் என் வரைபடத்தில் 26 இருந்திருக்கும். அந்தக் காலத்தில் படகுகள் ஆழம் பார்க்கும் நேரம் முழுக்கக் கரையில் ஓதக் கம்பத்தைப் பார்த்து ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க, பிறகு ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஓதத்தைக் கழித்தார்கள். என்னிடம் இருப்பவை பதினான்கு அளவைகள். அவர்களுடைய ஒரு தாளில் இருக்கும் எண்களை எண்ண உட்கார்ந்தால் கண் வலிக்கும்.

இரவில் தாளில் குறிக்கும்போது அக்கா மகள் 18½ எழுதச் சொன்னாள். இது ஒரு பௌர்ணமியின் வற்றம்தான். தண்ணீர் இதற்கும் கீழே போகும் நாள்கள் உண்டு. அரை அடியை விட்டுவிட்டு மூன்று பாகம் என்று பென்சிலால் எழுதினேன். அமாவாசைக்கு மறுநாள் மறுபடி போகிறோம். மை அதற்குப் பிறகு.